நாடு மாறினால் துன்பம் தீருமா?

துன்பம் தீரும் என்று நம்பி வெளிநாடு வந்தும் மனம் கனத்தே கிடக்கிறது, வந்ததே தவறோ என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. மனம் கனப்பதை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள் என்பதே, நெடுங்காலமாக அயல்நாட்டில் வாழ்ந்துவரும் என் பதில்.

இடம் மாறும்போது சில துன்பங்கள் உண்மையாகவே ஒழிகின்றன. வேலையின்மையிலிருந்தோ உயிரச்சத்திலிருந்தோ மீண்டு வருவது சிறிய காரியமன்று. ஆனால் உடலையும் பாசத்தையும் ஒட்டிய துன்பங்கள் நம்முடனேயே விமானம் ஏறிவிடுகின்றன. சாரநாத்தில் நிகழ்த்திய முதல் உரையில் புத்தர் துன்பம் எது என்று விளக்கியபோது, பிறப்பு, மூப்பு, பிணி, சாக்காடு ஆகியவற்றோடு, விரும்பியவரைப் பிரிதல், விரும்பாதவற்றோடு சேர்ந்திருத்தல், வேண்டியது கிடைக்காமை ஆகியவற்றையும் சேர்த்துச் சொன்னதாகப் பௌத்த மரபு கூறுகிறது. பிந்திய மூன்றும் புலம்பெயர்ந்தோருக்கு அன்றாட அனுபவம்.

பிறவியிலேயே வலியை உணராதவர்கள் மிக அரிதாக உண்டு. சுட்டாலும் எலும்பு முறிந்தாலும் தெரியாததால் காயத்தின்மேல் காயம் பட்டு அவர்கள் உடல் சிதைகிறது. மருத்துவம் அதை ஆபத்தான குறைபாடாகவே கருதுகிறது. மனத்துக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். தொலைபேசித் திரையில் அம்மா, தமக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே இருமல் வந்துவிட, முகத்தைத் திரைக்கு வெளியே திருப்பிக்கொள்வார். அதைக் கண்டு நெஞ்சு பதறாமல் இருக்க வேண்டுமானால் அவர்மேல் பாசமே இல்லாமல் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட நிம்மதி எனக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டியிராது.

அதற்காக, வருகிற துன்பத்தையெல்லாம் தவிர்க்க முடியாதது என்று ஏற்றுக்கொள்ளவும் கூடாது. சம்பளத்தைக் கொடுக்காமல் இழுத்தடிப்பதும், கடவுச்சீட்டைப் பறித்து வைத்துக்கொள்வதும் மனிதர் செய்யும் அநியாயங்கள். அவற்றை எதிர்த்து முறையிட வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கம் கெட்டு, உணவு செல்லாமல், எதிலும் நாட்டமின்றி இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. எல்லாவற்றையும் பொறுத்துப் போவதே பெருமை என்று அறிவுரை கூறும் மூத்தவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். தயவுசெய்து அதைக் கேட்டு நடக்காதீர்கள்.

உங்கள் மனக்கனம் எதனால் என்று நீங்கள் எழுதவில்லை. வேலையிடத்தால் என்றால் தொழிலாளர் அலுவலகத்தையோ நம் நாட்டுத் தூதரகத்தையோ தாமதமின்றி நாடுங்கள். வீட்டாரைப் பிரிந்ததால் என்றால், நலமாக இருப்பதாக நடிக்காமல் அவர்களிடமே மனம்விட்டுப் பேசுங்கள்.