நாடாளுமன்றம் முடங்கினால் நம் வீட்டில் ஏன் தூக்கம் கெடுகிறது?

கேள்வி: எனக்கு 61 வயது. வீட்டுக்காரருக்கு 67, வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாடாளுமன்றம் கூடிவிட்டால் போதும், காலை 11 மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். அமளி, ஒத்திவைப்பு, வெளிநடப்பு என்று ராத்திரி விவாத நிகழ்ச்சி முடியும்வரை அதே பேச்சு. சாப்பாடு இறங்குவதில்லை, தூக்கமும் இல்லை. என் கொழுந்தனார் வேறு கட்சி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வார்த்தை தடித்துப்போய், அண்ணன் தம்பி ஆறு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. அடுத்த மாதம் பங்காளிகள் கூடி முன்னோரைக் கும்பிடும் படைப்பு வருகிறது. அமெரிக்காவில் இருக்கும் மகனோ, "இங்கே அரசாங்கத்தையே பூட்டிப் போட்டார்கள், நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறோம் ஆத்தா" என்கிறான். டெல்லியில் கட்சிகள் அடித்துக்கொண்டு வேலை நடக்காமல் போனால் ஜனங்களின் நிம்மதி உண்மையிலேயே குறையுமா? இல்லை, இது இவர் ஒருவருக்கு வந்த கோளாறா? இவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?
- ஓர் ஆச்சி, தேவகோட்டை அருகே

பதில்: ஆச்சி, அண்ணன் ஒருவருக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை இது. நான் வைத்தியன் இல்லை. முப்பது வருஷம் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தியவன். ரத்த அழுத்தத்துக்கும் தூக்க மாத்திரைக்கும் என்னிடம் பதில் கிடையாது. தூக்கமில்லாமல் இரண்டு மூன்று வாரம் தாண்டிவிட்டது என்றால் முதலில் ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மற்றதைப் பேசுவோம்.

கானாடுகாத்தான் பக்கம் எங்கள் ஐயா காலத்து வீடு ஒன்று இருக்கிறது. பதினான்கு புள்ளிக்கு, அதாவது பதினான்கு குடும்பத்துக்குப் பங்கு. இரண்டாங்கட்டில் மேற்கு மூலை ஓடு விலகி ஒழுக ஆரம்பித்தது. யார் செலவு செய்வது, அது யார் அறைக்கு மேலே இருக்கிறது, பேசாமல் வீட்டையே விற்றுவிட்டால் என்ன என்று நாலு மழைக்காலம் பேச்சிலேயே போனது. வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியாத்தா ஒழுகும் இடத்தில் ஒரு பித்தளை அண்டாவும் இரண்டு வாளியும் வைத்திருந்தார். ராத்திரி இரண்டு தடவை எழுந்து கொட்டுவார். ஈரம் ஏறி ஆத்தங்குடிக் கல் நாலைந்து பெயர்ந்து, நடந்தால் காலடியில் கடகடவென்று ஆடும். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்த பங்காளிகளோ இந்த நாலு வருஷமும் போனில் சண்டை போட்டுக் கொதித்துக்கொண்டிருந்தார்கள். பெரியாத்தா மேல் விழுந்தது மழைத் தண்ணீர். இவர்கள் காதில் விழுந்தது வெறும் சத்தம். ஆனால் ரத்தக்கொதிப்பு வந்தது போன்காரர்களுக்குத்தான். பெரியாத்தா வாளியைக் கொட்டிவிட்டுப் படுத்துத் தூங்கிவிடுவார்.

உங்கள் கேள்வியில் இந்தத் தண்ணீரும் சத்தமும் கலந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்த்தால்தான் அண்ணனுக்கு என்ன செய்வது என்று பிடிபடும்.

தண்ணீர் விழத்தான் செய்கிறது. உங்கள் மகன் சொன்ன பூட்டு 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, 43 நாள் நீடித்தது. அதற்கு முன் நீளமானது 2018 டிசம்பரில் தொடங்கிய 35 நாள் பூட்டு. அங்கே செலவுக்கான சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றாவிட்டால் பல துறைகளுக்குப் பணம் நின்றுவிடும். விமானங்களை வழிநடத்துபவர்கள் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார்கள்; பலர் வராமல் போகவே, பெரிய விமான நிலையங்களில் விமானங்களைக் குறைக்கும்படி அரசே உத்தரவிட்டது. ஏழைகளுக்கான உணவு உதவியை நம்பியிருந்த 4 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நவம்பர் மாதத் தொகை தடுமாறியது. உங்கள் மகன் நன்றாக இருந்தார் என்றால் அவர் விசா கையில் இருந்தவர். அந்த அக்டோபரில் புதிதாக எச்-1பி வேலை விசாவுக்குப் போட நினைத்த பையன்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அதற்குத் தேவையான ஒரு சான்றைத் தொழிலாளர் துறை தரவேண்டும். அந்த அலுவலகமே மாதக் கடைசிவரை மூடிக் கிடந்தது.

இதற்கு நேர் எதிர் பெல்ஜியம். 2010 ஜூனில் தேர்தல் நடந்தும் கட்சிகள் ஒத்துவராமல் 541 நாள் முழு அரசாங்கம் அமையவில்லை. 2011 பிப்ரவரியில், ஈராக்கின் சாதனையை முறியடித்துவிட்டோம் என்று ஜனங்கள் தெருவில் கூடி உருளைக்கிழங்கு வறுவல் கொடுத்துக் கொண்டாடினார்கள்! அப்படிச் சிரிக்க முடிந்ததற்குக் காரணம் இருக்கிறது. பழைய அமைச்சரவை காபந்து அரசாகத் தொடர்ந்தது. பள்ளி, பேருந்து போன்றவை மாநில அரசுகள் கையில் இருந்தன. சம்பளம் வந்தது, குப்பை வண்டி வந்தது. 2011 நவம்பரில் நாட்டின் கடன் தரமதிப்பீட்டைக் குறைத்தபிறகுதான் கட்சிகளுக்கு உறைத்தது. சில நாட்களில் உடன்பாடு வந்து, டிசம்பரில் அரசு அமைந்தது. ஆக, மேலே முடங்கினாலும் கீழே நடக்க வேண்டியது நடந்தால் ஜனங்கள் தாக்குப்பிடிப்பார்கள்.

நம் நாட்டுக்கு அமெரிக்கப் பூட்டு வராது. பட்ஜெட்டை நிறைவேற்ற மக்களவையில் பலமில்லை என்றால் அரசாங்கமே போய்விடும், புதியது வரும். பலம் இருந்தால் எத்தனை கூச்சலிலும் நிறைவேற்றிவிடுவார்கள். 2018-ல் அமளிக்கு நடுவே விவாதமே இல்லாமல் நிதி மசோதா நிறைவேறியது. வேளாண் சட்டங்கள் 2020 செப்டம்பரில் மாநிலங்களவையில் கூச்சலுக்கு நடுவே குரல் வாக்கில் நிறைவேறின. 2021 நவம்பரில் அதே சட்டங்களை, அதுவும் விவாதமில்லாமல், ஒரே நாளில் இரு அவைகளிலும் ரத்து செய்தார்கள். இடையில் ஒரு வருஷம் விவசாயிகள் டெல்லி எல்லையில் குளிரில் உட்கார்ந்திருந்தார்கள். அமெரிக்காவில் முடக்கம் என்றால் வண்டி நிற்கும். இங்கே வண்டி ஓடும், பிரேக் வேலை செய்யாது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். எந்தக் கட்சி ஆண்டாலும் இதையேதான் சொல்வேன்; 2010 குளிர்காலக் கூட்டத்தொடர் கிட்டத்தட்ட முழுவதும் வீணானபோது இன்று ஆள்பவர்கள் எதிர்வரிசையில் இருந்தார்கள்.

ஆற அமரப் பேசாததால் கிடப்பில் போனவையும் உண்டு. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்ற மசோதா முதலில் வந்தது 1996-ல், நிறைவேறியது 2023-ல். மசோதா வந்த வருஷம் பிறந்த பெண் குழந்தைக்கு அது நிறைவேறும்போது 27 வயது.

இனி சத்தத்துக்கு வருவோம். அண்ணனின் நோய் பெரும்பாலும் இதுதான்.

உலக மகிழ்ச்சி அறிக்கை என்று 2012 முதல் வருகிறதே, அதில் கேட்பது எளிமையான கேள்வி. ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள், அடிப்படி 0, உச்சிப்படி 10, உங்கள் வாழ்க்கை இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்பார்கள். 2025 அறிக்கையில் 147 நாடுகளில் இந்தியா 118-வது இடம். பின்லாந்து தொடர்ந்து எட்டாவது முறையாக முதலிடம். நாட்டுக்கு நாடு ஏன் இந்த வித்தியாசம் என்று விளக்க அவர்கள் பார்க்கும் ஆறு விஷயங்களில் வருமானமும் ஆரோக்கியமும் இருக்கின்றன. கஷ்டத்தில் கைகொடுக்க ஆள் உண்டா, ஊழல் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள் என்பதும் இருக்கின்றன. அரசியல் முடக்கம் என்று தனியாக ஒரு கட்டம் இல்லை. ஆனால் அரசு மேல் உள்ள நம்பிக்கை தேய்ந்தால் அது இந்த ஊழல் கணக்கு வழியாக உள்ளே வந்துவிடும்.

இன்னொரு பக்கம் தினசரி மனநிலை. 2012 அமெரிக்க அதிபர் தேர்தலை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. தோற்ற கட்சிக்காரர்களின் மகிழ்ச்சி சடாரென்று விழுந்தது. வென்றவர்களுக்கு அந்த அளவு ஏறவில்லை. விழுந்ததும் ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. தேர்தல் தோல்வி ஒரு சாவு வீடு மாதிரி, அழுதுவிட்டு எழுந்துவிடலாம். முடக்கத்துக்கு அப்படி முடிவு தேதி கிடையாது. தினமும் 11 மணிக்குத் தொடங்கும், "நாளை வரை ஒத்திவைக்கப்படுகிறது" என்று முடியும், மறுநாள் அதே. அதனால்தான் அண்ணனுக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அமெரிக்காவில் 2017-ல் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் ஐந்தில் ஒருவர் அரசியலால் தூக்கம் கெட்டதாகச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவர் நட்பே பாதித்தது என்றார்கள். உங்கள் வீட்டுக் கதை அப்படியே அதில் இருக்கிறது, கொழுந்தனார் உட்பட.

சரி, என்ன செய்வது? டிவியைப் பிடுங்காதீர்கள். முப்பது வருஷம் கையெழுத்துப் போட்டு வாழ்ந்த மனிதரிடமிருந்து ரிமோட்டைப் பிடுங்கினால் கோபம் உங்கள் மேல் திரும்பும். பார்க்கும் பொருளை மாற்றுங்கள். முதலில் ராத்திரி விவாதத்தை நிறுத்தச் சொல்லுங்கள், அது ஒன்றுக்கு மட்டும் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். நாலு பேரை உட்காரவைத்துக் கத்தவிடும் நிகழ்ச்சியில் அவருக்குப் புதிதாகத் தெரியவருவது ஒன்றுமில்லை.

பகலில் அவருக்கு வேறு வேலை இருக்கிறது. மக்களவையில் கேள்வி நேரம் உள்ள ஒவ்வொரு நாளும் 20 கேள்விக்கு அமைச்சர்கள் வாயால் பதில் சொல்ல வேண்டும். 230 வரை எழுத்தில் பதில் வரும். அமளியில் கேள்வி நேரம் அடிபட்டுப் போனாலும் இந்தப் பதில்கள் அவையில் வைக்கப்பட்டு மக்களவை இணையதளத்தில் வந்துவிடும். டிவியில் "இன்று ஒன்றும் நடக்கவில்லை" என்று ஓடிக்கொண்டிருக்கும்போதே நூற்றுக்கணக்கான பதில்கள் அங்கே கிடக்கும். வங்கி, ரயில், ஓய்வூதியம் என்று தேடிப் படிக்கலாம். அதேபோல துறைவாரி நிலைக்குழுக்கள் 24 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 31 பேர், எல்லாக் கட்சியும் கலந்து. அங்கே கேமரா கிடையாது. கேமரா இல்லாத இடத்தில் அதே மனிதர்கள் எப்படி உட்கார்ந்து அறிக்கை எழுதுகிறார்கள் என்று படித்தால் அண்ணனுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

அப்புறம் ஒரு விஷயம், இது என் ஊகம்தான். அவர் கோபத்துக்குள்ளே சொந்த வலி ஒன்று இருக்குமோ? வங்கி ஓய்வூதியர் என்கிறீர்கள். 1995 விதிமுறைப்படி வந்த ஓய்வூதியம், அதற்குப் பிறகு எத்தனை ஊதிய ஒப்பந்தம் வந்தும் பழையவர்களுக்குத் திருத்தப்படவில்லை என்பது அவர்களின் நெடுநாள் குறை. அது வங்கிகள் சங்கத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் நிதி அமைச்சகத்துக்கும் இடையில் கிடக்கிறது. நாடாளுமன்ற அமளி நாளையே அடங்கினாலும் அந்தக் காகிதம் தானாக நகராது. அவர் மேல் விழுகிற தண்ணீர் இதுதான் என்றால், சத்தத்தை விட்டுவிட்டு இதைப் பிடிக்கட்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, அந்தக் கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். மத்திய அரசின் குறைதீர் இணையதளத்தில் போட்டால் 21 நாள் கெடு. தொகுதி எம்.பி.க்கு எழுதி, இதைக் கேள்வியாக எழுப்பச் சொல்லலாம். கேள்வி கொடுக்க 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால் கூட்டத்தொடர் தேதி தெரிந்த உடனே எழுத வேண்டும். தமிழிலேயே எழுதலாம்; அரசு அலுவலகங்களுக்கும் குறையைத் தமிழில் எழுதும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 350-வது பிரிவு தருகிறது. மேலாளர் எழுதும் கடிதத்தில் விஷயம் முதல் வரியிலேயே இருக்கும், எம்.பி. அலுவலகத்தில் படிப்பார்கள். உங்கள் ஊர் ஊராட்சி என்றால் வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை உண்டு. தெருவிளக்கையும் கண்மாயையும் பற்றி அங்கே போய்ப் பேசட்டும். டெல்லியைப் பார்த்துக் கத்துவதற்கு அது தேவலை, பதில் சொல்ல ஆள் எதிரிலேயே இருப்பார்.

இனி கொழுந்தனார். சமாதானம் பேச வேண்டாம். "நீங்கள் சொன்னதுதான் சரி" என்று இருவரில் ஒருவரும் சொல்லப்போவதில்லை. 67 வயதில் கட்சி மாற்ற முடியாது. எங்கள் வீட்டு ஓடு எப்படிச் சரியானது தெரியுமா? விற்பதா வேண்டாமா என்ற பேச்சை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு, மேற்கு மூலை ஓட்டை மட்டும் மாற்றுவது, புள்ளிக்கு இவ்வளவு என்று முடிவு செய்தோம். கொத்தனார் நாலு நாளில் வேலையை முடித்துவிட்டார். விற்கும் பேச்சு இன்றைக்கும் முடிவாகவில்லை, இனி ஆகும் என்றும் தோன்றவில்லை. வீடு ஒழுகவில்லை.

நான் சொன்ன 2025 அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. பிறரோடு சேர்ந்து சாப்பிடுகிறவர்கள், தனியே சாப்பிடுகிறவர்களைவிட வாழ்க்கையில் நிறைவாக இருப்பதாகச் சொல்கிறார்கள். நம் வளவில் பந்தி போட்ட முன்னோர்களுக்கு இதற்கு ஓர் அறிக்கை தேவைப்படவில்லை, அது வேறு விஷயம். படைப்புக்கு அண்ணனையும் தம்பியையும் ஒரே பந்தியில் எதிரெதிரே உட்காரவைக்காதீர்கள்; பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். எதிரெதிரே என்றால் முகத்தைப் பார்க்க வேண்டும், பக்கத்தில் என்றால் இலையைப் பார்த்தால் போதும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படைப்பு முடியும்வரை அரசியல் போடக்கூடாது என்று வயதில் மூத்த ஆச்சி யாராவது ஒரு குரல் பதிவு போட்டுவிட்டால் நல்லது. எழுத்தில் போட்டால் அதற்கும் பதில் எழுதுவார்கள்.

முக்கியமாக, படைப்புக் கணக்கை இருவரிடமும் சேர்த்துக் கொடுங்கள். புள்ளிக்கு எவ்வளவு வசூல், யார் பாக்கி, பூவுக்கும் சமையல்காரருக்கும் எவ்வளவு என்று ஒரே நோட்டு, இரண்டு கையெழுத்து. ஒருவர் வங்கி மேலாளர், இன்னொருவர் அவருக்குத் தம்பி. கடைசியில் கணக்கில் ஐந்து ரூபாய் உதைத்தால் நீங்கள் அதிர்ஷ்டக்காரர் ஆச்சி. அதைக் கண்டுபிடிக்கிறவரை இருவரும் பட்டாலையைவிட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.