நகை ஏலம் போய்விட்டது. ஏலக்காரர் லைசென்ஸை ரத்து செய்ய முடியுமா?

கேள்வி: 2024-ல் காரைக்குடியில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் 6 பவுன் சங்கிலியை அடகு வைத்தேன். அசலும் வட்டியுமாக 2,90,000 ரூபாய் ஆகியிருந்தது. மதுரையில் ஏலம் விட்டுவிட்டார்களாம். நோட்டீஸ் என் கைக்கு வரவே இல்லை. மீதம் என்று 3,100 ரூபாய் மட்டும் கணக்கில் ஏறியிருக்கிறது. ஏலம் விட்டவரும் எடுத்தவரும் ஒரே கூட்டம் என்கிறார் ஒரு தரகர். 15,000 கொடுத்தால் ஏலக்காரரின் லைசென்ஸை ரத்து செய்யவைத்து, நகையையும் மீட்டுத் தருகிறாராம். கொடுக்கலாமா? ஊர்க் கூட்டுறவு சங்கத்திலும் வளையல் இருக்கிறது, பயமாக இருக்கிறது. (கோட்டையூர் வாசகி)

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. ரத்து செய்ய அங்கே லைசென்ஸே இல்லை.

அமெரிக்காவின் சில மாநிலங்களில் ஏலக்காரர் தப்பு செய்தால் விசாரித்து உரிமத்தைப் பறிக்கத் தனி வாரியம் உண்டு. நம் நாட்டில் நிதி நிறுவனங்களின் நகை ஏலத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. போடியில் ஏலக்காய் ஏலம் நடத்த நறுமணப் பொருள் வாரியத்தின் உரிமம் வேண்டும். ஒரு குடும்பத்தின் சங்கிலியை ஏலம் விட, கடன் கொடுத்த நிறுவனத்தின் இயக்குநர் குழு ஒப்புதல் தந்தால் போதும். இத்தனை வருடமாக இதைச் சரிசெய்யாமல் இருக்கிறார்களே என்று எனக்கு ஆறவே இல்லை.

ஆகவே ஏலக்காரரை விடுங்கள், நிறுவனத்தைப் பிடியுங்கள். அவரை நியமித்தது அவர்கள்தான், பதில் சொல்ல வேண்டியதும் அவர்கள்தான்.

2024-ல் வாங்கியது என்பதால் உங்கள் கடன் பழைய ரிசர்வ் வங்கி விதியில் வருகிறது. அதன்படி கடன் கொடுத்த கிளை இருக்கும் ஊரில் அல்லது தாலுகாவில்தான் ஏலம் நடக்க வேண்டும். காரைக்குடி நகையை எடுத்த எடுப்பில் மதுரைக்குக் கொண்டுபோனது ஏன் என்பதை முதல் கேள்வியாக எழுதுங்கள். இரண்டாவது கேள்வி விலை. 22 காரட் தங்கத்தின் முந்தைய 30 நாள் சராசரி விலையில் 85 சதவீதத்துக்குக் குறைவாக ஆரம்ப விலை வைக்கக் கூடாது. (புதிய கடன்களுக்கு இது நடப்பு மதிப்பில் 90 சதவீதம்.) 6 பவுன் 48 கிராம், கழிவு போக 46 கிராம், கிராம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மதிப்பு 4,14,000. அதில் 85 சதவீதம் 3,51,900. உங்கள் பாக்கி போக 61,900 வரும். ஏலச் செலவு கொஞ்சம் கழியலாம், ஆனால் 3,100-க்கு வந்து நிற்காது. நகை எவ்வளவுக்குப் போனது, எதில் எவ்வளவு கழித்தார்கள் என்ற முழுக் கணக்கையும் உங்களுக்குத் தர வேண்டியது அவர்கள் கடமை. நிறுவனமே ஏலத்தில் கலந்துகொள்ளவும் கூடாது.

நோட்டீஸ் விஷயம் நம் செட்டிநாட்டு வீடுகளுக்கே உரிய சங்கடம். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கட்டில் குடியிருப்பீர்கள். தபால்காரர் முன்வாசலில் பெரிய பூட்டைப் பார்த்து, 'கதவு பூட்டியிருக்கிறது' என்று எழுதித் திருப்பிவிடுவார். அந்த உறை நிறுவனத்தின் கோப்பில் பத்திரமாக இருக்கும். அதன் நகலைக் கேளுங்கள், தேதியைப் பாருங்கள். விற்பதற்கு முன் நியாயமான அவகாசத்தோடு அறிவிப்பு தர வேண்டும் என்று 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 176-ஆம் பிரிவு சொல்கிறது.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கிளையில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, மழுப்பலான பதில் வந்தாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் தாமதிக்காமல் போகலாம். கட்டணம் கிடையாது. வக்கீல் மூலம் மனு போடவே அங்கே அனுமதியில்லை. அப்புறம் தரகருக்கு என்ன வேலை? இணையத்தில் போட முடியாதவர்கள் சண்டிகருக்குத் தபால் அனுப்ப வேண்டுமாம். கோட்டையூர் எங்கே, சண்டிகர் எங்கே! சந்தேகம் கேட்க 14448-க்குப் போன் செய்யலாம்.

சங்கிலி திரும்ப வரும் என்று மட்டும் நம்ப வேண்டாம். ஏல நகையைப் பெரும்பாலும் உடனே உருக்கிவிடுவார்கள். வர வேண்டியது பணம். 'மீட்டுத் தருகிறேன்' என்று வரும் ஆட்கள் இந்த ஆசையை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். அடகுச் சீட்டின் அசலை எவரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

வளையலின் கதை வேறு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தை ஊரில் எல்லோரும் 'பேங்க்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் அது ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரின் எல்லைக்குள் வராது. இதைத் தெரியாமல் அங்கே மனு போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, 'எங்கள் வரம்பில் இல்லை' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் நகை போயிருக்கும். சங்கத்து நகை என்றால் கூட்டுறவு இணைப் பதிவாளரிடம்தான் மனு. வாசல் பலகையில் 'கடன் சங்கம்' என்று இருக்கிறதா, 'வங்கி' என்று இருக்கிறதா என்று முதலில் படித்துப் பாருங்கள். (சாதாரண அடகுக் கடைக்கு லைசென்ஸ் உண்டு, அதைக் கொடுப்பவர் தாசில்தார்.)

நகையை விற்று முடிக்கும் நிமிடம் வரை பணத்தைக் கட்டி அதை மீட்கும் உரிமை, முன்பு சொன்ன ஒப்பந்தச் சட்டத்தின் 177-ஆம் பிரிவில் உங்களுக்கு இருக்கிறது. இந்த வாரமே சங்கத்துக்குப் போய் வட்டி நிலவரத்தைக் கேளுங்கள். அப்படியே முகவரியைப் பின்தெரு வாசலுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.