குடும்பத்துக்காகவும் ஊருக்காகவும் உழைத்த ஒரு கைத்தொழிலாளியின் வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்?

என் அப்பா தச்சர். மரவேலையைத் தவிர வேறு வேலை அறியாதவர். "பாடுபட்டார், குடும்பத்தைக் காப்பாற்றினார், ஊருக்கு உதவினார்" என்று அவரைப் பற்றி ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். அவர் இறந்தபோது பலரும் அப்படித்தான் சொன்னார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் இந்த மூன்றும் ஒன்றோடொன்று எப்படி முட்டிக்கொண்டன என்பதையும் சொன்னால்தான் உங்கள் கேள்விக்குப் பதிலாகும்.

முதலில் வேலையைப் பற்றி. தச்சுவேலை என்றால் அறுப்பதும் அடிப்பதும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்பாவின் நேரத்தில் பெரும்பங்கு காத்திருப்பதிலும் அளப்பதிலுமே போயிற்று. வெட்டிய மரம் உடனே வேலைக்கு ஆகாது. காற்றில் உலர்த்துவதென்றால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு என்பது தச்சர்களின் பழைய கணக்கு. பலகைகளுக்கு இடையிடையே ஒரே கனமுள்ள சட்டங்களை வைத்து, காற்று புகும்படி நிழலில் அடுக்குவார். முனைகள் முந்திக் காய்ந்து வெடித்துவிடும் என்பதால் அங்கே மட்டும் பெயின்ட் பூசிவிடுவார். அப்படிப் பக்குவமாக உலர்ந்த மரமும் சும்மா கிடப்பதில்லை. ஈரம் ஏறினால் அகலத்தில் விரியும், இறங்கினால் சுருங்கும். நீளத்தில் மட்டும் மாற்றம் இல்லையென்றே சொல்லலாம். அதனால்தான் கதவுச் சட்டத்தின் காடிக்குள் நடுப்பலகையைச் செருகும்போது அவர் பசை தடவமாட்டார். அது அசைய இடம் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு நாள் பிளந்துகொள்ளும்.

மழைக்காலத்தில் கதவு இறுகிவிட்டது, சீவிக் கொடுங்கள் என்று ஆட்கள் வருவார்கள். "ஈரம் வற்றட்டும், அப்புறமும் இறுக்கினால் வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவார். அப்போதே சீவியிருந்தால் அன்றைக்குக் கூலி உண்டு. வெயில் காலத்தில் இடைவெளி விழுந்து, அதை அடைக்க மறுபடியும் கூலி உண்டு. தேடி வந்த காசை வாசலிலேயே வழியனுப்பிவைக்கும் மனிதரோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்பதை என் அம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.

ஊருக்குச் செய்தது என்பதும் மேடை ஏறிச் செய்ததல்ல. பள்ளிக்கூடத்து பெஞ்சுகள் ஆட்டம் கண்டால் அப்பாவுக்குச் சொல்லியனுப்புவார்கள். வேறு யாராவதாக இருந்தால் இரண்டு ஆணி அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். அப்பா காலைக் கழற்றுவார். துளைக்குள் ஒட்டியிருக்கும் பழைய பசையை உளியால் சுரண்டி எடுப்பார். பழைய பசையின்மேல் புதுப்பசை பிடிக்காது. துளைக்குள் செருகும் மரமுனையான கழுந்து தேய்ந்திருந்தால் அதன் நுனியில் ரம்பத்தால் ஒரு வெட்டுப் போட்டு, துளையின் மறுபக்கத்திலிருந்து சிறிய ஆப்பை இறக்குவார். ஆப்பு உள்ளே போகப் போகக் கழுந்து விரிந்து துளையை இறுக்கிக்கொள்ளும். துருத்திக்கொண்டிருப்பதை வெட்டி, இழைப்புளியை ஒரு தடவை ஓட்டினால் வேலை நடந்த இடமே தெரியாது. நாள் முழுக்க முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு உட்காரும் பிள்ளைகளுக்கு ஆணி எத்தனை நாள் தாங்கும் என்பது அவர் வாதம். வாதம் சரிதான். ஆனால் ஆணி அடித்திருந்தால் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்திருப்பார். அவர் அந்த பெஞ்சுகளுக்குக் கொடுத்த நேரம் எங்களுடையது. இலவசமாகச் செய்தார் என்கிறார்களே, அந்த இலவசத்தில் பாதி அம்மாவின் கணக்கிலிருந்து போனது. பாராட்டு மட்டும் ஒருவருக்கே வந்தது.

கூலி கேட்கக் கூச்சப்படுவார். இதை எளிமை, பெருந்தன்மை என்று எழுத எனக்கு மனமில்லை. அது ஒரு குறை. இல்லாதவர்களிடம் விட்டுக்கொடுத்தது அவர் குணம். இருப்பவர்களும் அதைத் தெரிந்துகொண்டு இழுத்தடித்தார்கள். அவரைத் தன்னலமற்றவர் என்று உரக்கப் புகழ்ந்தவர்களில் பாக்கி வைத்திருந்தவர்களே அதிகம் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. அம்மா ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்தார்: பெயர், வேலை, கொடுத்தது, நின்றது. அப்பா அந்த நோட்டைத் திறந்து நான் பார்த்ததில்லை.

அவரிடம் தொழில் கற்க வந்த பையன்களுக்கு முதலில் கிடைக்கும் வேலை உளி தீட்டுவது மட்டும்தான். சலித்துக்கொள்வார்கள். மழுங்கிய உளிதான் கையை வெட்டும் என்பார் அவர். அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும், அழுத்தினால் வழுக்கும். அதன் பிறகுதான் அளவு. பெரிய மூலையைச் சரிபார்க்க மூலைமட்டம் எட்டாது. ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்துக் குறுக்கே நூல் பிடித்தால் சரியாக 5 அடி வர வேண்டும். வராவிட்டால் மூலை கோணல். எட்டாம் வகுப்பில் பித்தகோரஸ் தேற்றத்தை ஆசிரியர் பலகையில் எழுதியபோது, இது எங்கள் பட்டறைக் கணக்காயிற்றே என்று நினைத்தேன்.

உடம்பு கொடுத்த விலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வகைப்படுத்தியது. மூக்கையும் அதைச் சுற்றியுள்ள எலும்பறைகளையும் அது தாக்குகிறது. அப்பா வெகுகாலம் முகமூடி போடவில்லை. பையன்கள் வந்த பிறகுதான் போட்டார். தான் போடாவிட்டால் அவர்களும் போடமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. காது விஷயத்தில் அந்த எச்சரிக்கையும் இல்லை. நாளெல்லாம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் இருந்தால் செவித்திறன் குறையும். வட்ட ரம்பம் அதைச் சாதாரணமாகத் தாண்டும். முதலில் போவது உச்சத்தில் ஒலிக்கும் ஓசைகள். பெரியவர்கள் பேசுவது கேட்கும், குழந்தைகள் பேசுவது பிடிபடாது. அவர் வீட்டில் இரைந்து பேசியதைக் கோபம் என்று நாங்கள் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தோம். பேத்தி எதைச் சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுவார். அவருக்குக் கேட்கவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான். உங்கள் வீட்டிலும் இயந்திரத்தோடு வேலை செய்கிறவர் இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் காதைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். இழந்த செவித்திறன் திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

அப்பா போன பிறகு அம்மா அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். கொடுக்க வழியில்லாதவர்களின் பெயரை அவரே அடித்துவிட்டார். வசதி இருந்தும் ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைத்திருந்த ஒருவர், "அவர் ஒரு நாளும் என்னிடம் கேட்டதே இல்லையே, அம்மா" என்றார்.

"அவர் கேட்கமாட்டார். நான் கேட்கிறேன்" என்றார் அம்மா.

எண்ணிக் கொடுத்துவிட்டார்.