மெஸ் கணக்கு, ரத்ததான முகாம், தத்துக் குடும்பம்: மருத்துவ, நர்சிங் மாணவர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

நான் ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் எஸ்பிஎம் துறையில் பாடம் எடுக்கிறேன். சமுதாய மருத்துவம் என்றுதான் போர்டில் இருக்கும், ஆனால் பிள்ளைகள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆறு வருஷம் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்தேன், படிக்கிற காலத்தில் மகளிர் விடுதியில் மெஸ் செக்ரட்டரி. வளாக வாழ்க்கை, மாணவர் பொறுப்புகள், ஊருக்குள் போய்ச் செய்யும் வேலை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள், ஒவ்வொன்றாக வருகிறேன்.

மேடம், நான் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவன், அரசுப் பள்ளி, தமிழ் வழி. வகுப்பில் சிஆர் (வகுப்புப் பிரதிநிதி) தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். இங்கிலீஷ் தடுமாறும். நான் பேர் கொடுக்கலாமா? (எம்பிபிஎஸ் முதலாண்டு)

கொடுங்கள் தம்பி. 2020ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது உங்களை உள்ளே விட்டு ஓரமாக உட்கார வைக்க இல்லை. சிஆர் வேலையில் மேடைப் பேச்சு ரொம்பக் குறைவு. போஸ்டிங் மாறினால் எல்லோருக்கும் சேதி போக வேண்டும், துறைத் தலைவர் அறைக்குப் போய் இன்டர்னல்ஸ் தேர்வுத் தேதியைத் தள்ளி வைக்கக் கேட்க வேண்டும், மூன்று நாளாக வகுப்புக்கு வராத பையன் காய்ச்சலில் படுத்திருக்கிறானா ஊருக்குப் போய்விட்டானா என்று பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் வேண்டியது பொறுப்பு. இங்கிலீஷ் ஒரு வருஷத்தில் பழகிவிடும், நான் பார்த்த அத்தனை பேருக்கும் பழகியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் வகுப்பில் அகில இந்திய ஒதுக்கீட்டில் ராஜஸ்தானிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வந்தவர்கள் இருப்பார்கள். இரண்டாமாண்டு வார்டுக்குப் போகும்போது நோயாளி 'கிறுகிறுன்னு வருது', 'மேமூச்சு வாங்குது', 'நெஞ்சைக் கரிக்குது', 'வயித்தால போகுது' என்று சொன்னால் அவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். சென்னையில் கான்வென்ட்டில் படித்த நம் பிள்ளைகளே சில பேர் முழிப்பார்கள். நீங்கள் வாரம் ஒரு சாயங்காலம் ஹாஸ்டல் வராந்தாவில் உட்கார்ந்து இந்த வார்த்தைகளைச் சொல்லிக் கொடுங்கள், ஒரு நோட்டில் எழுதித் தொகுத்து வையுங்கள். எங்கள் கல்லூரியில் ஒரு பேட்ச் இதைச் செய்தது. சொல்லிக் கொடுத்தவனும் தமிழ் வழிப் பையன்தான், வார்டில் அவனைத் தேடி எல்லோரும் வந்தார்கள்.

குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் (ஒவ்வொரு மாணவரும் சில வீடுகளைத் தொடர்ந்து போய்ப் பார்ப்பது) எனக்கு மூன்று வீடு. மூன்றாவது தடவை போனபோது ஒரு பாட்டி, 'வந்து வந்து எழுதிட்டுப் போறீங்களே, எங்களுக்கு என்ன பண்ணுவீங்க?' என்று கேட்டுவிட்டார். பதில் தெரியாமல் நின்றேன். (எம்பிபிஎஸ் இரண்டாமாண்டு மாணவி)

பாட்டி கேட்டது நியாயம்தான் ம்மா. இதற்கு நீளமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில் நான் ஒரு தடவை தவறியிருக்கிறேன்.

மூன்றாமாண்டில் ஏழு நாள் முகாம் போட்டு ஒரு ஊரில் ஏறக்குறைய 200 பேருக்கு பிரஷர் பார்த்தோம். மேல் அளவு 160, 170 இருந்தவர்களிடம் 'ஆஸ்பத்திரிக்குப் போங்க' என்று சொன்னதோடு சரி. எண்களை நோட்டில் எழுதிக்கொண்டோம், கடைசி நாள் போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். அடுத்த வருஷம் வேறு வேலையாக அதே ஊருக்குப் போனபோது ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு, 'நீதானேம்மா அவருக்குப் பாத்தே' என்று கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப் போனார். அவர் வீட்டுக்காரர் ஒரு பக்கம் கை கால் விளங்காமல் கட்டிலில் கிடந்தார். எங்கள் நோட்டு அப்போதும் ஹாஸ்டல் அலமாரியில் இருந்தது. அதில் ஒரு பக்கத்தைக் கிழித்து அந்த ஊரின் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கொடுத்திருந்தால் அவர் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் அனுப்பி மாத்திரை ஆரம்பிக்க வைத்திருப்பார், அது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதனால் முதல் வேலை, நீங்கள் எடுக்கும் எந்த அளவாக இருந்தாலும் ஒரு பிரதி அந்த வீட்டில் சீட்டில் எழுதிக் கொடுங்கள், இன்னொன்று அந்தக் கிராம சுகாதாரச் செவிலியர் அக்காவிடம் போகட்டும். 140/90க்கு மேல் இருந்தால் வேறொரு நாள் போய்த் திரும்பப் பாருங்கள். உட்கார வைத்து ஐந்து நிமிஷம் ஆன பிறகு பாருங்கள், வயலிலிருந்து நடந்து வந்தவரை வாசலிலேயே நிறுத்திக் கையில் பட்டையைச் சுற்றாதீர்கள்.

போகும் நேரமும் முக்கியம். காலை பதினொரு மணிக்குப் போனால் பாதி வீடு பூட்டியிருக்கும், நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார்கள். சாயங்காலமோ ஞாயிற்றுக்கிழமையோ போக அனுமதி வாங்குங்கள். இருபது பேர் வெள்ளைக் கோட்டோடு ஒரே வீட்டு வாசலில் நிற்காதீர்கள், இந்த வீட்டில் என்ன நோயோ என்று தெரு முழுக்கப் பேச்சாகிவிடும். அது அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணப் பேச்சு வரைக்கும் போகிற விஷயம்.

பாட்டிக்கு என்ன பண்ணலாம் என்றால், அவர் மாத்திரைப் பையைத் தரையில் கொட்டிப் பாருங்கள். ஒரே மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயரில் இருக்கும், இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அதைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டிச் சரி செய்து கொடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா பாருங்கள், குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சைக்கு உண்டு, அட்டை எடுக்காத வீடுகள் இன்னும் இருக்கின்றன. அப்புறம், உங்கள் ஆஸ்பத்திரிக்கு அவர் வந்தால் வாசலில் நின்று கூட்டிப் போய், எந்த அறை, எங்கே சீட்டு, எங்கே ரத்தம் எடுப்பார்கள் என்று கூடவே நடந்து காட்டுங்கள். அவ்வளவு பெரிய கட்டடத்தில் தனக்கு ஒரு ஆள் இருக்கிறது என்பதை அந்தப் பாட்டி ஊரெல்லாம் சொல்வார். முடியாததை மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

இந்தக் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022ல் கொண்டு வந்தது, ஆனால் வேலை பழையது. வேலூரில் ஐடா ஸ்கடர் நூறு வருஷத்துக்கு முன்பே வாரா வாரம் சாலையோரம் குறித்த இடங்களில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்தார். போன வாரம் கட்டுப் போட்டவர் இந்த வாரமும் அதே மரத்தடிக்கு வரலாம், டாக்டரம்மா வருவார். நீங்களும் தேதி சொல்லிவிட்டு வந்தால் அந்தத் தேதியில் போய் நில்லுங்கள்.

கல்லூரி நாளன்று 300 யூனிட் ரத்ததான முகாம் நடத்தத் திட்டம். நான் ஒருங்கிணைப்பாளர். என்ன கவனிக்க வேண்டும்? (பி.எஸ்சி. நர்சிங் மூன்றாமாண்டு)

முதலில் ரத்த வங்கியில் போய்க் கேளுங்கள், அவர்களுக்கு 300 வேண்டுமா என்று. முழு ரத்தம் வழக்கமான பையில் 35 நாள்தான் நிற்கும், பிரித்த பிளேட்லெட் 5 நாள். ஒரே நாளில் குவித்தால் வைக்க இடமில்லாமல் வீணாகும். மாதம் 40, 50 என்று பிரித்து வையுங்கள். மழைக்காலத்தில் டெங்கு ஏறும்போது கூப்பிட்டால் வர ஒரு பட்டியல் தனியாக இருக்கட்டும், அதில் ரத்தப் பிரிவும் கடைசியாகக் கொடுத்த தேதியும் இருக்க வேண்டும். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி.

வயது 18 முடிந்திருக்க வேண்டும், முதலாண்டில் சில பேருக்கு முடிந்திருக்காது. எடை 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. இந்தக் கடைசி எண்ணில்தான் உங்கள் முகாம் நிற்கும். நர்சிங் மாணவிகளில் நிறையப் பேர் அதற்குக் கீழே இருப்பார்கள். ஒவ்வொரு முகாமிலும் பார்க்கிறேன், 'நீ வேண்டாம்மா, போ' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள், பிள்ளை முகம் சுருங்கிப் போய் ஹாஸ்டலுக்குத் திரும்புகிறாள், அத்தோடு முடிந்தது. முகாமில் கிடைத்த பயனுள்ள தகவலே அதுதான். திருப்பி அனுப்பியவர்கள் பெயரை, அவர்கள் சம்மதத்தோடு, தனியாக எழுதி வைத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வையுங்கள். இரும்புச்சத்து மாத்திரையா, பூச்சி மாத்திரையா, மாதவிடாய் அதிகமா என்று அவர் பார்க்கட்டும். மூன்று மாதம் கழித்துத் திரும்ப ரத்தம் பாருங்கள். காலை டியூட்டிக்கு ஓடுகிற அவசரத்தில் சாப்பிடாமல் போகிற பழக்கம் உங்கள் ஹாஸ்டலில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதும் அப்போது தெரியும்.

ராகிங் இல்லை என்கிறார்கள், ஆனால் சீனியர்கள் ரெக்கார்ட் எழுதித் தரச் சொல்கிறார்கள், ராத்திரி ரூமுக்குக் கூப்பிட்டு நிற்க வைக்கிறார்கள். இதுவும் ராகிங்தானா? (பெயர் வேண்டாம் என்றவர்)

ஆமாம், இரண்டுமே ராகிங்தான். சீனியர் ஜூனியர் நெருக்கம் வர இது வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1996ல் சிதம்பரத்தில் மருத்துவ முதலாண்டு மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்ட பிறகு 1997ல் தமிழ்நாடு தனிச் சட்டமே போட்டது, இரண்டு வருஷம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். தேசிய உதவி எண் 1800 180 5522, எந்த நேரமும் பேசலாம். தேதி, நேரம், அறை எண் எழுதி வையுங்கள். போனில் வந்த செய்திகளை அழிக்காதீர்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் நாலு பேராகப் போய் ராகிங் தடுப்புக் குழு ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள்.

இதைப் படிக்கிற இரண்டாமாண்டுப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு நடந்ததை உங்கள் ஜூனியருக்குச் செய்யாமல் நிறுத்துவது உங்கள் பேட்ச் கையில் இருக்கிறது. ஒரு பேட்ச் நிறுத்தினால் அடுத்தவர்களுக்கு எப்படிச் செய்வது என்றே தெரியாமல் போகும்.

எந்த விழா என்றாலும் நர்சிங் மாணவிகள் கோலம் போடவும், பூங்கொத்து கொடுக்கவும், டீ பரிமாறவும்தான். மேடையில் மெடிக்கல் பசங்கள். இது மாறுமா?

எனக்கும் இது கோபம் வருகிற விஷயம். அடுத்த கூட்டத்திலேயே கேளுங்கள், 'நிகழ்ச்சிக் குழுவில் எங்கள் பக்கம் இரண்டு பேர் வேண்டும், வரவேற்பு வேலையைச் சுழற்சியில் போடுங்கள்' என்று. எழுத்தில், உங்கள் பிரின்சிபால் வழியாக. அதோடு நீங்கள் நன்றாகச் செய்கிற ஒன்றை நீங்களே முன்னெடுங்கள். நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவிப் பயிற்சியை ஆட்டோ ஸ்டாண்டிலும் பஸ் டெப்போவிலும் நர்சிங் மாணவிகள் நடத்தி நான் பார்த்திருக்கிறேன், பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வந்தது எம்பிபிஎஸ் பையன்கள். நாலு வருஷம் கழித்து ஒரே வார்டில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவரை ஒருவர் நம்பி நிற்கப் போகிறவர்கள், இப்போதே சேர்ந்து வேலை செய்து பழகட்டும்.

மாணவர் மன்றத் தேர்தலில் நிற்கிறேன். ட்ரீட் வைக்கச் சொல்கிறார்கள்.

வைக்காதீர்கள். மாணவர் தேர்தல்களுக்கு விதி வகுத்த லிங்டோ குழு 2006ல் சொன்ன வரம்பு ஒரு வேட்பாளருக்கு 5,000 ரூபாய், வருகை 75 சதவீதம், அரியர் இருக்கக் கூடாது. அதற்கு மேல் செலவு செய்து ஜெயித்தவர் அந்தக் காசை கல்ச்சுரல்ஸ் வசூலில் தேடுவார். ஜெயித்தால் முதல் மாதமே மெஸ்ஸைப் பாருங்கள். மாதச் செலவைச் சாப்பிட்டவர்கள் பங்கு போட்டுக் கட்டுகிற டிவைடிங் சிஸ்டத்தில் எல்லோர் தலையிலும் விழுகிற கணக்கு அது. நாங்கள் காய்கறி பில், கேஸ், பால் எல்லாவற்றையும் மாதம் ஐந்தாம் தேதிக்குள் சாப்பாட்டுக் கூடச் சுவரில் ஒட்டினோம். முதல் மாதம் சண்டை வந்தது, மூன்றாவது மாதம் சண்டை நின்று, யார் வாரம் ஒரு நாள் மார்க்கெட்டுக்குப் போவது என்ற பேச்சு வந்தது.

என் மகள் எப்போது பார்த்தாலும் முகாம், ஊர் என்று போகிறாள். படிப்பு கெடாதா? (ஒரு அப்பா)

தியரிக்கு 75, பிராக்டிகலுக்கு 80 சதவீத வருகை இருக்கிறதா என்று மட்டும் மாதம் ஒரு தடவை கேளுங்கள் ஐயா. இருந்தால் விட்டுவிடுங்கள். வார்டில் நோயாளியிடம் கதை கேட்பதில் இந்தப் பிள்ளைகள் மற்றவர்களை விட முன்னால் இருக்கிறார்கள்.

பிசியோதெரபி படிக்கிறோம். எங்களுக்குத் தத்துக் குடும்பம் கிடையாது. ஊர் வேலை செய்ய வழி?

2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே போய் இயன்முறை சிகிச்சை தருவதும் ஒரு பகுதி. உங்கள் ஆசிரியர் கடிதத்தோடு வட்டார மருத்துவ அலுவலரைப் பாருங்கள், போகிறவரோடு கூடப் போக அனுமதி கேளுங்கள். பக்கவாதம் வந்து படுத்திருப்பவரின் மருமகளுக்கு, அவரை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று சொல்லிக் கொடுத்தாலே படுக்கைப் புண் வராமல் தடுக்கலாம்.

என் ரூம்மேட் சாப்பிடுவதில்லை, வகுப்புக்கு வருவதில்லை, 'நான் இல்லாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை' என்கிறாள். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

அந்தச் சத்தியத்தை மீறுங்கள் ம்மா, இன்றைக்கே. அவளைத் தனியாக விடாதீர்கள், ராத்திரியும். 'தற்கொலை எண்ணம் வருதா?' என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அறிவுரை வேண்டாம், 'உனக்கென்ன குறை' என்றும் சொல்லாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தேசிய மனநல உதவி எண் டெலி மனஸ் 14416, மாநில சுகாதார உதவி எண் 104, இரண்டிலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம். வார்டனிடமும் நீங்கள் நம்புகிற ஒரு ஆசிரியரிடமும் சொல்லுங்கள், மனநலத் துறை ஓபிக்கு நீங்களே கூடப் போங்கள். இந்தப் பாரத்தை ஒரு ஆள் சுமக்கக் கூடாது, உங்களுக்கும் தூக்கம் வேண்டும். இன்று ராத்திரி எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.

சிஆர்ஆர்ஐ (ஹவுஸ் சர்ஜன் பயிற்சி) அடுத்த மாதம் முடிகிறது. நான் பார்த்துவந்த வீடுகளை என்ன செய்வது? ஜூனியரிடம் நோட்டைக் கொடுத்தால் போதுமா?

போதாது தம்பி. ஜூனியரைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு வீட்டுக்கும் போங்கள். அந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யார் குடிப்பதைப் பற்றி வாசலில் வைத்துப் பேசக் கூடாது, எந்தப் பிள்ளைக்கு அடுத்த ஊசி என்றைக்கு, இதையெல்லாம் வழியில் நடந்துகொண்டே சொல்லுங்கள். அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு, 'அம்மா, இனிமே இந்தத் தம்பி வருவான், எங்கிட்ட சொல்ற மாதிரியே இவன்கிட்டயும் சொல்லுங்க' என்று அவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டு வாருங்கள்.