இருபது வயது வண்டியை நம்பிக் கண்டம் தாண்டலாமா?

கேள்வி: என்னிடம் 2002ஆம் ஆண்டின் பி.எம்.டபிள்யூ. ஆர் 1150 ஜி.எஸ். மோட்டார் சைக்கிள் இருக்கிறது. மீட்டரில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டர். பல நாடுகளைக் கடக்கும் நெடும்பயணம் ஒன்றுக்குத் திட்டமிட்டு வருகிறேன். இதை விற்றுவிட்டு ஆர் 1300 ஜி.எஸ். போன்ற புதிய வண்டியை வாங்கும்படி நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். பழையதுதான் கைவிடாது, புதியதெல்லாம் வெறும் கணினி என்பவர்களும் இருக்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரு தரப்பாரும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கிறார்கள் என்பதே சிக்கல். வண்டி எத்தனை அரிதாகப் பழுதாகும் என்று கேட்டால் புதியதற்கே என் வாக்கு. பழுதான பிறகு வழியிலேயே சரிசெய்து மேலே போக முடியுமா என்று கேட்டால் பழையது முந்தும். நெடும்பயணத்தில் இரண்டாவது கேள்விக்கு எடை அதிகம். ஆனால் அந்த மேன்மை தானாக வந்துவிடாது, உழைத்துத்தான் பெற வேண்டும்.

ஒரு லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டர் என்பது உங்கள் வண்டியின் எஞ்சினுக்குப் பெரிய சுமையன்று. காற்றாலும் எண்ணெயாலும் குளிரூட்டப்படும் அந்த 1,130 சி.சி. இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் 85 குதிரைத்திறனைத்தான் தருகிறது. அளவோடு வேலை வாங்கப்படும் எஞ்சின் நீடித்து உழைக்கும். வால்வு இடைவெளியை ஒரு ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) ஸ்பேனரும் கொண்டு சாலையோரத்திலேயே சரிசெய்துவிடலாம். ஓடிய தூரத்தைவிடக் கழிந்த ஆண்டுகளே இத்தகைய வண்டிக்குப் பகை. ரப்பர், பிளாஸ்டிக், ஒயரின் மேலுறை ஆகியவை வண்டி கொட்டகையில் சும்மா நின்றாலும் முதுமை அடைகின்றன. ஆகவே, குறைந்த தூரமே ஓடியது என்று விளம்பரத்தில் பெருமையாகச் சொல்லப்படும் இருபது வயது வண்டியைவிட, விடாமல் ஓட்டப்பட்டுப் பராமரிப்பு விவரங்கள் ஒழுங்காகக் குறித்துவைக்கப்பட்ட வண்டியையே நான் நம்புவேன்.

இவ்வகை எஞ்சின்களில் தீப்பொறி எழ வேண்டிய தருணத்தைக் காட்டும் ஹால் சென்சார், மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் பெல்ட்டுக்குப் பின்னால், எஞ்சின் வெப்பம் நேரடியாகத் தாக்கும் இடத்தில் இருக்கிறது. அதன் ஒயர்களின் மேலுறை ஆண்டுக்கணக்கில் வெந்து நொறுங்கிவிட்டால், மழையிலோ வண்டியைக் கழுவிய பிறகோ எஞ்சின் தடுமாறும், அணைந்தும் போகும்; ஈரம் காய்ந்ததும் ஒன்றுமே நடவாதது போல் ஓடும். காரணம் அறியாத மெக்கானிக் இதற்காகப் பெட்ரோல் பம்பு வரை கழற்றிப் பார்த்துவிடுவார். வெப்பம் தாங்கும் ஒயர் போட்டு இதைப் புறப்படும் முன்பே முடித்துவிடுங்கள். டேங்கின் உள்ளே பம்பையும் ஃபில்டரையும் இணைக்கும் குழாய், டேங்கின் வெளியே உள்ள பிளாஸ்டிக் இணைப்பிகள் ஆகியவற்றையும் கேள்வி கேட்காமல் மாற்றிவிடலாம். இணைப்பிகளுக்கு உலோகத்தில் மாற்று கிடைக்கிறது.

அடுத்து, பின்சக்கரத்தைச் சுழற்றும் ஃபைனல் டிரைவ். வண்டியை மையத் தாங்கியில் நிறுத்தி, பின்டயரின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையுமாகப் பிடித்து, முன்னும் பின்னும் அல்லாமல் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கையில் 'டொக்' என்று ஓர் ஆட்டம் தட்டுப்பட்டால் பெரிய பேரிங் தேயத் தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டியதுதான். எண்ணெயை இறக்கும்போது, காந்தம் பொருத்திய திருகில் மெல்லிய சாம்பல் நிறக் குழைவு படிந்திருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் செதிலாக இருந்தால் அந்த வண்டியோடு ஊர் எல்லையையும் தாண்டாதீர்கள். கிளட்ச் தட்டு அமரும் தண்டின் பல்வரிசையும் இவ்வகை வண்டிகள் சிலவற்றில் அகாலமாகத் தேய்வதுண்டு. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, கிளட்ச் பிடியை அமுக்கிக்கொண்டு தட்டை அசைத்துப் பார்த்தால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது ஓரளவு தெரியும். வண்டியை இரண்டாகப் பிளந்தால்தான் இதைச் சரிசெய்ய முடியும் என்பதால், பாலைவனத்துக்கு நடுவில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இதுவன்று.

இவ்வளவையும் படித்துவிட்டு நண்பர்கள் சொன்னதே சரி என்று தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. இந்தக் குறைகளை இவ்வளவு விவரமாக எழுத முடிவதே பழைய வண்டியின் வலிமை. கவாஸாகி கே.எல்.ஆர். 650இல் எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸரின் செயினை இறுக்கும் நெம்புகோல், ஹோண்டா எக்ஸ்.ஆர்.வி. 750 ஆப்பிரிக்கா ட்வினில் பேட்டரிக்குச் செல்லும் மின்சாரத்தைச் சீராக்கும் ரெக்டிஃபையரும் பெட்ரோல் பம்பும் என, அந்தத் தலைமுறையின் நோய்கள் ஊரறிந்தவை, மருந்தும் ஊரறிந்தது. 2023இல் வெளியான ஆர் 1300 ஜி.எஸ். போன்ற ஒரு வண்டியின் பத்தாம் ஆண்டு நோய் என்னவென்று அதைத் தயாரித்தவருக்கே இன்னும் தெரியாது. ஆர் 1200 ஜி.எஸ்.-இன் திரவக் குளிர்ச்சித் தலைமுறை 2013இல் வந்தது. அதன் முன்ஃபோர்க் குழாய்களைச் சோதிக்க வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டது 2017இல்தான்.

அதே வேளையில் புதியதைக் 'கணினி' என்று ஏளனம் செய்வதும் நியாயமன்று. ஆர் 1300 ஜி.எஸ்.-இன் 145 குதிரைத்திறன் இருக்கட்டும், அது உங்களுக்குத் தேவைப்படாது. வளைவில் சாய்ந்திருக்கும்போதே பிரேக்கின் அழுத்தத்தை அளவாக்கி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்.-ஐப் பழைய வண்டியில் எந்த மெக்கானிக்காலும் பொருத்தித் தர இயலாது. ஈரச் சாலைகளில், மிகுந்த சுமையோடு, ஒரே நாளில் நெடுந்தூரம் செல்வதுதான் உங்கள் பயணம் என்றால், வண்டி நடுவழியில் நிற்காமல் இருப்பதைவிட நீங்கள் விழாமல் இருப்பது முக்கியம். அங்கே தயங்காமல் புதியதை வாங்குங்கள். தொழிற்கூடங்கள் அரிதான நிலப்பகுதிகளில், மெதுவாக, பல மாதங்கள் செல்வதானால், முன்சொன்ன வேலைகளை முடித்த உங்கள் 1150ஐயே நான் தேர்வேன். அதை முழுமையாகச் செப்பனிட்ட பிறகு இரண்டு மூன்றாயிரம் கிலோமீட்டராவது வீட்டுக்கு அருகிலேயே ஓட்டிப் பாருங்கள். செப்பனிட்ட கையின் பிழைகள் பெரும்பாலும் அந்தத் தூரத்துக்குள் வெளிப்பட்டுவிடும்.

கேள்வி: 1150 வரிசையின் பிற்கால வண்டிகளில் பிரேக்கைப் பிடித்தால் மோட்டார் இரைகிறது. அந்த சர்வோ பிரேக்கைக் கழற்றிவிட வேண்டும் என்கிறார்களே?

பதில்: அந்த இரைச்சல் பழுதன்று, கையின் விசையைப் பெருக்கித் தரும் பம்பு வேலை செய்யும் ஓசை. அந்தப் பம்பின் உதவி இல்லாமல் எஞ்சிய பிரேக் மட்டுமே இருக்கும் நிலைதான் அபாயம்: சாவியை அணைத்து வண்டியைச் சரிவில் உருட்டும்போதோ பேட்டரி தீர்ந்தபோதோ பிடியை எவ்வளவு இறுக்கினாலும் சக்கரம் அரைமனதோடுதான் நிற்கும். பழக்கமில்லாதவரிடம் வண்டியைத் தள்ளக் கொடுக்கும் முன் இதைச் சொல்லிவிடுங்கள். அந்தக் கருவியைப் பெரும்பாலும் கெடுப்பது மாற்றப்படாத பழைய பிரேக் திரவம். பிடிகளிலிருந்து கருவிக்கு வரும் சுற்று, கருவியிலிருந்து சக்கரங்களுக்குச் செல்லும் சுற்று என இரண்டு பகுதிகளிலும் திரவத்தை மாற்ற வேண்டும்; ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு முடிந்தது என்பவர்கள் உண்டு. நன்றாக இயங்குவதைக் கழற்றத் தேவையில்லை. கருவி செத்துப்போனால் அதை நீக்கி நேரடிக் குழாய்கள் போட்டு ஓட்டுகிறார்கள், அப்போது ஏ.பி.எஸ். இராது, அதன் சட்ட நிலையை உங்கள் நாட்டில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மிகப் பழையதும் வேண்டாம், மிகப் புதியதும் வேண்டாம். இடைப்பட்டதாக எதை வாங்கலாம்?

பதில்: சுஸுகி டி.எல். 650 வி-ஸ்ட்ராம். 2004இல் வந்தது; 645 சி.சி. எஞ்சின், செயின், குறைவான மின்னணுச் சாதனங்கள். கவர்ச்சியற்ற வண்டிதான், மறுக்கவில்லை. அதே ஆண்டில் வந்த ஆர் 1200 ஜி.எஸ்.-ஐ விரும்புவீர்களானால், அதன் முதல் சில ஆண்டுகளின் வண்டிகளில் சாவியை அடையாளம் காணும் வளைய ஆன்டெனா, பெட்ரோல் பம்பின் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகிய இரண்டும் மாற்றப்பட்டுள்ளனவா என்று கேட்டறியுங்கள். முதலாவது பழுதானால் வண்டி உங்கள் சாவியையே அந்நியமாகக் கருதி ஸ்டார்ட் ஆகாது. ஃபைனல் டிரைவ் எண்ணெய் ஆயுளுக்கும் போதும் என்று தொடக்கத்தில் சொல்லப்பட்டதையும் நம்ப வேண்டாம். நிறுவனமே பிற்பாடு அதை மாற்றச் சொன்னது.