பசும்பால் கொடுத்ததால்தான் மகனுக்குச் சர்க்கரை வந்ததா?

கேள்வி: என் ஆறு வயது மகனுக்கு முதல் வகை சர்க்கரை நோய். இன்சுலின் போடுகிறோம். தாய்ப்பால் போதாமல் ஐந்தாம் மாதமே பசும்பால் கொடுத்தேன். அதுதான் காரணம் என்கிறார் மாமியார். பால் புரதத்துக்கு ஐஜிஜி எதிர்ப்பொருள் இருப்பதாக ரத்தப் பரிசோதனையும் சொல்கிறது. பாலை நிறுத்தி ஏ2 பாலுக்கு மாறினால் ஊசியைக் குறைக்கலாம் என்கிறார் ஒருவர். அடுத்த குழந்தைக்கு எட்டு மாதம். என்ன செய்யட்டும்?
- வாசகி, ஈரோடு

பதில்: நீங்கள் கொடுத்த பால்தான் காரணம் என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை அம்மா. இந்த வரியை உங்கள் மாமியாருக்கு வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைக்கு ஊசி போடுகிற தாய் மேல் பழியையும் ஏற்றுவதை என் கிளினிக்கில் நிறையப் பார்க்கிறேன். மனசு ஆறுவதில்லை.

இந்தச் சந்தேகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இந்த நோய் மிக அதிகமாக வருவது பின்லாந்துக் குழந்தைகளுக்கு. 1992இல் பின்லாந்து, கனடா ஆய்வாளர்கள், புதிதாக நோய் கண்ட 142 குழந்தைகளின் ரத்தத்தில் பாலில் உள்ள மாட்டு ஆல்புமின் என்ற புரதத்துக்கு எதிர்ப்பொருள் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். அந்தப் புரதத்தின் ஒரு துண்டு, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்லின் ஒரு புரதத்தை ஒத்திருக்கிறது. பாலை எதிர்க்கக் கிளம்பிய உடல், ஆள் மாறிக் கணையத்தைத் தாக்குகிறது என்பது அவர்கள் கருத்து. பின்னால் வந்த ஆய்வுகள் பலவற்றில் இவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை.

சரி, நேரடியாகவே சோதிப்போம் என்று ட்ரிகர் ஆய்வைத் தொடங்கினார்கள். 15 நாடுகள், 2,159 பச்சிளங்குழந்தைகள். எல்லாரும் பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் உள்ளவர்கள். மரபணுவிலும் அதற்கான வாய்ப்பு இருந்தவர்கள். ஒரு பாதிக்கு வழக்கமான பசும்பால் பவுடர், மறு பாதிக்குப் புரதத்தை நுணுக்கி உடைத்த பவுடர். பத்து வருடத்துக்கு மேல் கவனித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். உடைத்த பவுடர் குடித்தவர்களில் 100க்கு 8.4 பேருக்கும், வழக்கமானதைக் குடித்தவர்களில் 7.6 பேருக்கும் சர்க்கரை வந்தது. பாலை மாற்றியதால் பலன் இல்லை. நோய் வர வாய்ப்பு அதிகம் என்று தேர்ந்தெடுத்த குழந்தைகளிலேயே 100க்கு 90க்கு மேற்பட்டவர்களுக்கு அந்தக் காலத்துக்குள் வரவில்லை என்பதையும் கவனியுங்கள். சின்னவனை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

பால் குடிக்கிற பிள்ளையின் ரத்தத்தில் பாலுக்கு ஐஜிஜி இருப்பது இயல்பு. உடலுக்கு அந்த உணவு பழக்கம் என்பதைத் தவிர அதற்குப் பொருள் இல்லை. குடித்ததும் தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு வந்தால் அது ஒவ்வாமை, வேறு விஷயம். இந்தப் பரிசோதனைக்கு இனிமேல் காசு செலவழிக்காதீர்கள்.

ஏ1, ஏ2 பாலுக்கு உள்ள வித்தியாசம், பீட்டா கேசின் புரதத்தில் 67ஆவது இடத்தில் இருக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம். அதனால் நோய் வருகிறது என்று நிறுவப்படவில்லை என 2009இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. பிடித்தால் வாங்குங்கள். ஆனால் அதை நம்பி இன்சுலினைக் குறைக்கவே கூடாது. ஊசி நின்றால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

மகன் பால் குடிக்கட்டும். 200 மி.லி. பாலில் ஏறத்தாழ 10 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அதையும் இன்சுலின் கணக்கில் சேருங்கள். சின்னவனுக்கு ஒரு வயது வரை பசும்பாலை முக்கிய உணவாகக் கொடுக்க வேண்டாம். காரணம் சர்க்கரை அல்ல, இரும்புச்சத்துக் குறைவு. தாய்ப்பால், அப்புறம் கூழ், மசித்த பருப்பு, முட்டை என்று போகலாம். அடிக்கடி சிறுநீர், தீராத தாகம், எடை குறைவு, சோர்வு தெரிந்தால் மட்டும் விரலில் குத்தும் ஊசிமுனையைப் புதிதாக மாற்றி அண்ணனின் குளுக்கோமீட்டரில் அன்றே பாருங்கள். 200க்கு மேல் காட்டினால் இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.