அறுபது நாள் கெடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் போர் அறிவிக்கும் அதிகாரம் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத்தான் என்கிறார்கள். அதிபரைக் கட்டுப்படுத்த 1973ல் தனிச் சட்டமே போட்டார்களாம். பிறகும் அதிபர் நினைத்த இடத்தில் குண்டு விழுகிறதே, அந்தச் சட்டத்தால் என்னதான் பயன்?

இரா. மு., தஞ்சாவூர்

அன்புள்ள இரா. மு.,

அப்போதைய அதிபர் நிக்ஸனின் வீட்டோவை, அதாவது மறுப்பாணையை மீறி, இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்களித்துக் கொண்டுவந்த சட்டம் அது. படையை மோதலில் இறக்கினால் அதிபர் 48 மணி நேரத்துக்குள் காங்கிரஸுக்குத் தெரிவிக்க வேண்டும். 60 நாளில் ஒப்புதல் கிடைக்காவிட்டால் நிறுத்த வேண்டும். படை பத்திரமாக வெளியேற மேலும் 30 நாள் உண்டு.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. 2011ல் லிபியாவில் 60 நாள் தாண்டியபோது ஒபாமா தரப்பு என்ன சொன்னது தெரியுமா? தரைப்படை இறங்கவில்லை, நம் வீரர்கள் சாகும் அபாயமும் குறைவு, எனவே இது சட்டம் சொல்கிற மோதலே இல்லை! குண்டு விழும் இடத்தில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

அதிபர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. 1999 ஏப்ரல் 28 அன்று காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் நடந்ததைப் பாருங்கள். யூகோஸ்லாவியாமீது கிளிண்டன் குண்டு வீசிக்கொண்டிருக்கிறார். போர் அறிவிக்கலாமா? வேண்டாம். படையைத் திரும்ப அழைக்கலாமா? அதுவும் வேண்டாம். சரி, வான் தாக்குதலையாவது ஆதரிக்கலாமா? 213க்கு 213, தீர்மானம் விழுந்தது. அடுத்த மாதமே அதிபர் கேட்டதைவிடக் கூடுதலாகப் பணம் ஒதுக்கினார்கள். வென்றால் நாங்களும் கூட இருந்தோம், தோற்றால் நாங்கள் ஒப்புதலே தரவில்லை. நோகாமல் நுங்கு தின்பது என்பது இதுதான்.

சில சமயம் துணிந்தும் இருக்கிறார்கள். ஏமன் போரில் அமெரிக்கப் பங்கை நிறுத்தச் சொல்லி 2019ல் இரு அவைகளும் தீர்மானம் போட்டன. டிரம்ப் வீட்டோ செய்தார். அதை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. ஆக, போரைத் தொடங்க அதிபர் ஒருவர் போதும். நிறுத்துவதற்குத்தான் பெரும்படை திரட்ட வேண்டியிருக்கிறது.

என்னைக் கேட்டால், காங்கிரஸின் உண்மையான பிடி கஜானா சாவியில்தான் இருக்கிறது. கம்போடியாவில் குண்டு வீசப் பணம் கிடையாது என்று 1973 கோடையில் சொன்னார்கள். நிக்ஸன் முதலில் வீட்டோ செய்தார், பிறகு பேரம் பேசி ஆகஸ்ட் 15 வரை அவகாசம் வாங்கினார். அந்தத் தேதியில் குண்டுவீச்சு நின்றது. நீங்கள் கேட்ட சட்டம் வந்தது அதற்குப் பிறகு, நவம்பரில்.